இன்னா உலகில் நகைக்கும் நண்பன்



பொழிவின் பொருள்

மொழியியல் பயின்ற நம்மைப் புனைகதை மாந்தரைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தபோது முதலில் சற்றுத் தயங்கினோம். எந்த மாந்தரைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணிப் பார்த்தபோது தயக்கம் நீங்கியது. கதைத் தலைவன் அருகில் நின்று கேலி பேசிக்கொண்டே இருப்பவன், ஆயினும் கடைசிவரை அவனைக் கைவிடாதவன்: அந்த நண்பனைப் பற்றியே இன்று பேசப்போகிறோம். அவன் கையில் வாளோ பதவியோ இல்லை. சொல் ஒன்றே உண்டு. ஆகவே அவனை ஆராய்வது மொழியியலாருக்கும் உரிய வேலைதான்.

அந்நண்பனை எல்லா வகைக் கதைகளிலும் காணலாம். இன்று ஒரு வகைக் கதையில் மட்டும் அவனைத் தேடுவோம். ஆட்சியாளர் மனிதரை எண்களாக்கி, அவர்தம் பேச்சையும் பெயரையும் பிறப்பையும் இறப்பையும் தம் கைக்குள் வைத்திருக்கும் ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்து காட்டும் புனைவை மேலைநாட்டார் டிஸ்டோபியா என்பர். இதற்குத் தமிழில் பலர் பலவாறு பெயர் சூட்டியுள்ளனர். இப்பொழிவில் நாம் ‘இன்னா உலகப் புனைவு’ என்று வழங்க விழைகிறோம். புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் கேட்டு, இவ்வுலகம் இன்னாதது என்கிறார். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. உலகின் இயல்பை உணர்ந்தவர் அதில் இனியவற்றைக் காணவேண்டும் என்று முடிக்கிறார். இன்னாததை இன்னாதது என்று அறிந்தும் இனியதைக் காணும் கண்ணுடையவனே நாம் பேசவந்த நண்பன்.

அவனைப் பற்றி நாம் சொல்லவருவது இது. வாசகர் களைப்புத் தீர்வதற்காகக் கதையில் வைக்கப்பட்டவனாக அவனைக் கொள்வது பிழை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும் உரிமையை அவன் காக்கிறான். அதனோடு, தன் நண்பனை இடித்துரைக்கும் கடமையையும் சுமக்கிறான். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அவன் வெறும் கோமாளியாகிவிடுகிறான்.

பாங்கன், கட்டியங்காரன், ஒளவை

இந்நண்பன் நமக்குப் புதியவன் அல்லன். தொல்காப்பியக் கற்பியல் கூறும் வாயில்கள் பன்னிருவருள் பாங்கன் ஒருவன். கோவை இலக்கியங்களில் ‘பாங்கற் கூட்டம்’ என்றொரு பகுதியே உண்டு. அங்கு நிகழ்வதை நோக்குக. தலைவன் ஒருத்தியைக் கண்டு நிலைகுலைந்து நிற்கிறான். பாங்கன் அவனைத் தேற்றத் தொடங்கவில்லை. குன்று போன்ற உறுதியுடைய உனக்கு இது தகுமோ என்று முதலில் கழறுகிறான். தலைவன் தன் நிலையை உரைத்ததும், அவன் சொன்ன இடத்திற்குத் தானே நடந்து சென்று, அவளைக் கண்டு, மீண்டு வந்து, நான் கழறியது தவறு என்று ஒப்புகிறான். முதலில் இடிப்பு, பிறகு நடை, பிறகு ஒப்புதல். நண்பனுக்குரிய இலக்கணம் இம்மூன்றிலும் அடங்கிவிடுகிறது.

திருக்குறளில் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். துன்பம் வரும்பொழுது நகுக என்பது இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதற்குறள். நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்காக அன்று, நண்பன் நெறி கடந்து செல்லும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்காகவே என்பது நட்பு அதிகாரத்தின் நான்காம் குறள். நகுக என்கிறது ஒன்று. நகுவதற்காக நட்பு இல்லை என்கிறது மற்றொன்று. மாணவர்கள் இதைக் கேட்கும்போது ஆசிரியர்கள் தடுமாற வேண்டியதில்லை. முதற்குறள் துன்பத்தைப் பார்த்து நகச் சொல்கிறது. மற்றது, நண்பனோடு கூடி நகுவதையே நட்பின் முடிந்த பயனாகக் கொள்ளாதே என்கிறது. துன்பத்தை நோக்கி நகையும், நண்பனை நோக்கி இடிப்பும் ஒருவனிடமே கூடிவருமாயின் அவனே நாம் தேடும் மாந்தன்.

நகை அரசியலுக்குள் நுழைவதையும் பழந்தமிழ் அறியும். அதியமானின் நண்பராகிய ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். உன் படைக்கலங்கள் நெய்பூசி, மாலை சூடி, அழகாகக் காவலில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையனவோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பதே அவர் சொன்னதன் சாரம். புறநானூற்றின் 95ஆம் பாடல் இது. சொல்லளவில் புகழ்ச்சி, பொருளளவில் இகழ்ச்சி. தொண்டைமான் சினங்கொள்ள விரும்பினும் அவனுக்குப் பற்றுவதற்கு ஒரு சொல்லும் கிடையாது. வலியவன் முன் எளியவர் கையில் இருக்கும் மொழிக்கருவி இரட்டுறு பொருளே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறியோம். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் இக்கருவியைத்தான் கையாள்கிறான். அரசனுக்கு ஏவலனாக நின்றுகொண்டே அரசனைக் கேலி செய்து, அவையோரின் எண்ணத்தை மேடைக்குக் கொண்டுவருகிறான்.

‘மச்சான்’ என்னும் விளி

யாருக்கு யாரைக் கேலி செய்யும் உரிமை உண்டு? தமிழ் உறவுமுறையில் இதற்கு எழுதப்படாத இலக்கணம் உண்டு. அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா ஆகியோர் ஒரு பக்கம். மாமன் மகன், அத்தை மகன், மச்சான், கொழுந்தன், மதினி ஆகியோர் மறுபக்கம். முதல் வரிசையில் மதிப்பும் அடக்கமும் மிகும். இரண்டாம் வரிசையில் கேலி செய்யலாம். கேலி செய்யாவிட்டால் உறவில் ஏதோ குறை என்றே ஊரார் எண்ணுவர். மானிடவியலறிஞர் ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் ‘கேலி உறவு’ பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய உறவின் அமைப்பை விளக்கினார். ஒருவர் கேலி செய்ய இசைவு பெற்றிருக்கிறார், மற்றவர் அதற்குச் சினம் கொள்ளாதிருக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அவர் கருத்து. அவர் ஆப்பிரிக்கச் சான்றுகளை முன்வைத்து எழுதினார். நம் தோட்டத்துத் திருமண வீடுகளுக்கு வந்திருந்தாலும் அவருக்கு வேண்டிய சான்றுகள் நிரம்பக் கிடைத்திருக்கும்.

இனி, நம் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே லயத்தில் குடியேறினர். இரத்த உறவினர் பலருக்கு உடன் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த அயலானை ஒருவர் ‘மச்சான்’ என்று விளித்தார். அந்த ஒரு விளியால், இல்லாத உறவு ஒன்று உண்டாயிற்று. அதனோடு கேலி செய்யும் உரிமையும் கைமாறிற்று. ‘அண்ணே’ என்று விளித்திருந்தால் அவ்வுரிமை கிடைத்திராது. இன்று இளைஞர் ‘மச்சான்’ என்றும் ‘மச்சி’ என்றும் நண்பனை விளிப்பதைக் கண்டு பெரியோர் முகம் சுளிக்கின்றனர். அவ்விளிக்குள் பழைய உறவிலக்கணம் ஒன்று உயிரோடு இருப்பதை நாம் மறக்கலாகாது.

இன்னா உலகப் புனைவுகளில் ஆட்சி முதலில் கைவைக்கும் இடமும் விளிதான். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் நண்பன் என்னும் உறவு தேய்ந்து, எல்லாரும் எல்லாரையும் கட்சி விளியால் அழைக்கின்றனர். மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் பணிப்பெண்கள் தம் பெயரை இழந்து, தம்மை உடைமையாகக் கொண்ட ஆடவனின் பெயரால் அறியப்படுகின்றனர். கதைசொல்லியின் பெயர் ஆஃப்பிரெட். பிரெட் என்பவனுக்கு உரியவள் என்பது அதன் பொருள். நம் இலக்கணத்தில் சொன்னால், அவளுக்குப் பெயராக எஞ்சியிருப்பது ஓர் ஆறாம் வேற்றுமைதான்.

ஜீனோ என்னும் இயந்திர நாய்

தமிழில் இவ்வகைப் புனைவுக்கு நாம் முதலில் சுட்டவேண்டியது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நிகழும் காலம் 2021, 2022ஐ ஒட்டியது. எழுதப்பட்டபோது எதிர்காலமாக இருந்ததை இன்று நாம் கடந்துவிட்டோம். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் நாடு இருக்கிறது. குழந்தை பெற அரசின் இசைவு வேண்டும். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில் சுருக்கப்பட்டுள்ளன. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா: எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் இரண்டெழுத்தே.

பெயரைச் சுருக்குவது அலுவலக வசதிக்குத்தானே என்று தோன்றலாம். நம் வட்டாரத்து வரலாறு வேறு பாடம் சொல்கிறது. தோட்ட அலுவலகத்துச் ‘செக்ரோல்’ ஏட்டில் ஒருவரின் பெயர் எழுதுபவர் காதுக்கு எட்டியபடி பதிவாகும். அந்தப் பிழையே பிறகு அடையாள அட்டைக்கும், அவர்தம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திற்கும் சென்றுவிடும். இதற்கு எதிராக லயத்து மக்களிடம் இருந்த கருவி பட்டப்பெயர். கிராணிக்கு ஒன்று, கங்காணிக்கு ஒன்று, துரைக்கு ஒன்று என வைத்தனர். தோட்டத்துக்கே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பலகையில், மற்றொன்று தமிழர் வாயில். எப்போதேனும் தமிழர் வாய்ச்சொல் பலகையையும் வென்றது. பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தெனமாரம் தோட்டத்தின் பெயரில் நம் தென்னைமரம் நின்றுகொண்டிருக்கிறது. நாட்டின் முதல் வணிக முறை எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது அங்கேதான். பனை நடப்பட்ட இடம் தென்னையின் பெயரைச் சுமப்பதும் ஒரு வகை நகையே.

மீண்டும் கதைக்கு வருவோம். நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டிற்குக் குடிவரும் ரவியோடு ஓர் இயந்திர நாய் வருகிறது. அதுவே ஜீனோ. மனிதர்கள் இயந்திரம் போல் கீழ்ப்படிந்து வாழும் நாட்டில், ஓர் இயந்திரம் மட்டும் புத்தகம் படிக்கிறது, ஐயம் எழுப்புகிறது, குறும்பாகப் பேசுகிறது. நாய் வடிவில் இருப்பதால் நன்றி அதற்கு இயல்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஜீனோவின் நன்றி பழக்கிய விலங்கின் நன்றியில் அடங்காது. தன்னைக் கொண்டுவந்தவன் ரவி என்றாலும், போகப்போக அது நிலாவின் பக்கம் நிற்கிறது. ஜீவா என்பவன் உண்மையில் ஓர் ஒளியுருவம் என்று வெளிப்பட்ட பிறகு, ரவியும் மனோவும் நிலாவை அரியணையில் பொம்மையாக அமர்த்துகின்றனர். புரட்சியாளரே புதிய ஆட்சியாளராகின்றனர். ‘மீண்டும் ஜீனோ’வில் அந்தப் பொம்மை அரசிக்குத் துணையாவது இந்த இயந்திரமே.

ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜீனோ யாருக்கு உடைமை என்பதும், யாருக்கு நண்பன் என்பதும் வெவ்வேறு. உடைமையை மாற்றிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. நட்பை மாற்றிக்கொள்ளும் அறிவு இருக்கிறது. தீர்ப்பளிக்கும் அறிவு இல்லாத விசுவாசம், ஆட்சிக்குக் கீழ்ப்படியும் விசுவாசத்தோடு ஒன்றாகிவிடும். கேலி பேசுவதற்கும் தீர்ப்பளிக்கும் அறிவு தேவை. சொன்னதற்கும் உள்ளதற்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டவனால்தான் கேலி செய்ய இயலும். அதனாலேயே இந்த மாந்தனிடம் நகையும் பற்றும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஜீவாவைப் பற்றிய விளம்பரத்தில் மயங்காத மனமே, ரவியின் புரட்சி மொழியிலும் மயங்காது நின்றது.

நண்பன் இல்லாத உலகமும், நண்பனை இழந்த உலகமும்

ஆர்வெலின் நாவலில் சைம் என்றொருவன் வருகிறான். அவன் நம் துறையினன். ஆட்சி உருவாக்கும் புதுமொழியின் அகராதிப் பணியில் இருக்கிறான். அறிவுக் கூர்மையுடையவன், பேச்சில் சுவையுடையவன். ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் சொற்கள் குறைவதை எண்ணி மகிழ்கிறான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், அதற்கு மேல் நிழல் கூடாது என்பதே அப்புதுமொழியின் நோக்கம். நகைச்சுவை நிழலில்தான் வாழ்கிறது. சிலேடையும் வஞ்சப்புகழ்ச்சியும் இல்லாத மொழியில் ஒளவையார் தூது செல்ல இயலாது. காளமேகம் வாய் திறக்க இயலாது. சைமுக்குக் கூர்மை இருந்தது, பற்று இல்லை. கதையின் இடையில் ஒருநாள் அவன் இல்லாமற்போகிறான். அவன் பெயரைச் சொல்வாரும் இல்லை. கதைத் தலைவன் வின்ஸ்டனுக்கு ஒரு பாங்கன் இருந்திருந்தால் அந்த நாவல் வேறொன்றாகியிருக்கும். பாங்கன் இல்லாமையே அவ்வுலகின் கொடுமைக்கு அளவுகோல்.

அட்வுட்டின் நாவலில் பாங்கி இருக்கிறாள். மோய்ரா என்பது அவள் பெயர். பயிற்சிக் கூடத்தின் கழிப்பறையில் மறைந்து நின்று, மேற்பார்வைப் பெண்டிரைப் பற்றி அவள் அடிக்கும் கேலிதான் கதைசொல்லிக்கு மூச்சு. மோய்ரா மேற்பார்வைப் பெண்ணின் உடையை அணிந்து தப்பியும் விடுகிறாள். அவள் எங்கோ உரிமையோடு இருக்கிறாள் என்னும் நினைவே மற்றவரைத் தாங்குகிறது. பின்னர் ஆட்சியாளர்கள் கமுக்கமாக நடத்தும் களியாட்ட விடுதியில் கதைசொல்லி அவளைக் காண்கிறாள். மோய்ரா அப்போதும் கேலி பேசுகிறாள். ஆனால் போராடும் விருப்பம் அவள் குரலிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தைப் படிக்கும் வாசகர் நெஞ்சு கனப்பது ஏன்? சொற்கள் மாறவில்லை. அவற்றை முன்பு தாங்கி நின்ற நடை இல்லை. பாங்கற் கூட்டத்தில் நாம் கண்ட மூன்றில் நடை நின்றுவிட்டது.

சயாமில் ஒரு மங்கு

இன்னா உலகம் மேலைநாட்டார் கற்பனையில் பிறந்த பண்டம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அடுத்த ஆண்டிலேயே ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட ஆள்பிடிப்பு நடந்தது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபர் 17 அன்று இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இக்கொடுமையைக் களமாகக் கொண்டவை. உங்கள் பள்ளி நூலகத்தில் அவை இல்லையெனில் இவ்வாரமே வாங்கி வையுங்கள்.

1980களின் இறுதியில் முனைவர்ப்பட்ட ஆய்வுக்காகப் புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்தில் பேச்சுப் பதிவு செய்துகொண்டிருந்தோம். தோட்டத் தமிழில் மலாய்ச் சொற்கள் எவ்வாறு வேற்றுமை உருபு ஏற்கின்றன என்பதே நம் தேடல். சயாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து பேசினார். மழைக்காலத்தில் ஒருநாள் விடியலில் காய்ச்சலோடு பாயில் கிடந்தாராம். இனி எழுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். பக்கத்துப் பாயில் இருந்தவர் வேறு ஊர், வேறு சாதி, உறவு ஏதுமில்லை. அவர் குனிந்து பார்த்துச் சொன்னாராம்: “டேய் மச்சான், சாவறதுன்னா சாவு. ஆனா ஒம் மங்குல ஓட்ட இருக்கு. அத அடச்சி வச்சிட்டுச் சாவு. ஓட்ட மங்க வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?”

முதியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே மற்றவர் முகம் மாறியதாம். “சிரிக்கத் தெரியுதில்ல? அப்பறம் என்னாத்துக்குப் படுத்திருக்க? எழுந்திரு. ஒன் ஆத்தாளுக்கு யாரு போயி பதில் சொல்றது?” என்று அதட்டிக் கையைப் பிடித்துத் தூக்கினாராம். அதற்குப் பிறகு நான்கு நாள், இவர் சுமக்க வேண்டிய மண்கூடையையும் அவரே சுமந்தாராம். நகை, இடிப்பு, நடை. பாங்கற் கூட்டம் எழுதிய புலவருக்கும் அந்த மனிதருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இலக்கணம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அந்த மச்சான் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு “ஓட்ட மங்கு” என்று தமக்குள் சொல்லி மறுபடியும் சிரித்தார்.

அன்றிரவு ஒலிநாடாவைக் கேட்டு எழுதினோம். ‘மங்கு’ என்னும் சொல்லுக்கு ஓர் அட்டை போட்டோம். மலாய் ‘மாங்கோக்’ என்பதிலிருந்து வந்தது, உகர ஈறு, இடவேற்றுமையில் ‘மங்குல’ என்று குறித்துக்கொண்டோம். முதியவர் சிரித்த இடத்தில், பிறை அடைப்புக்குள் ‘சிரிப்பு’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம். இறந்துபோன அந்த மனிதரின் பெயரைக் கேட்கவும் இல்லை. ஆய்வேடு முடிந்தது, பட்டமும் கிடைத்தது. மங்கு என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்பதை நாம் சரியாகவே எழுதினோம். அச்சொல் அன்று ஓர் உயிரைத் தூக்கி நிறுத்தியதை எழுத நமக்கு அப்போது அறிவு போதவில்லை. இன்று இப்பொருளைத் தேர்ந்ததற்கு அந்த அடைப்புக்குறியும் ஒரு காரணம்.

நகை தீங்காகும் இடம்

இவ்வளவும் கேட்டபின், நகை எப்போதும் நன்மையே என்று யாரும் எண்ணலாகாது. தோட்டத்துக் கேலியில் சாதி இருந்தது. உடற்குறையைச் சுட்டும் பட்டப்பெயர்கள் இருந்தன. பெண்ணின் நிறத்தை இகழும் பேச்சு இருந்தது. கள்ளுக்கடையில் கங்காணியைப் பழித்துச் சிரித்துவிட்டு, மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அதே கங்காணி முன் கைகட்டி நிற்கும் வழக்கமும் இருந்தது. சிரித்ததோடு சினம் தீர்ந்துபோயிற்று. ஆட்சியாளர் சிலர் கோமாளியை அரண்மனையில் வைத்துக்கொண்டதும் இதனால்தான். மக்கள் சிரித்துத் தீர்த்துக்கொண்டால் வேறொன்றும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே கேலி யாரை நோக்கிச் செல்கிறது என்று பார்க்கவேண்டும். தொண்டைமானை நோக்கிச் சென்றால் ஒருவகை. நம்மினும் எளியவரை நோக்கிச் சென்றால் வேறுவகை. சயாமில் அந்த மச்சான் கேலி செய்தது நோயாளியை அன்று. சாவையே ஓட்டை மங்குக்கு ஈடாக்கிச் சிறுமைப்படுத்தினார்.

வகுப்பறைக்கு

மாணவர் சிறுகதைகளை நாம் பல்லாண்டு படித்துவருகிறோம். அண்மைக் காலத்தில் அறிவியல் புனைவும் எதிர்காலக் கதையும் நிறைய எழுதுகின்றனர். இயந்திர மனிதர் ஆளும் நகரம், நீர் விற்கும் அரசு, நெற்றியில் எண் பொறித்த மக்கள் என்று கற்பனை நன்றாகவே விரிகிறது. ஆனால் கதைத் தலைவனின் நண்பன் வந்தவுடன் திரைப்பட வாடை வீசுகிறது. அவன் பருத்தவனாக அல்லது கறுத்தவனாக இருப்பான். அதற்காகவே அவனைச் சிரிப்பர். அடி வாங்குவான். பிறகு தலைவன் வீரம் கொள்வதற்கு ஏதுவாக முக்கால் பங்குக் கதையில் இறந்துவிடுவான். அவனுக்கென ஒரு கருத்து இராது. தலைவன் தவறு செய்யும்போது ஒரு சொல்லும் சொல்லமாட்டான்.

இத்தகைய கதை கையில் வரும்போது ஆசிரியர்கள் மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். முதலாவது: இந்நண்பன் யாரைக் கேலி செய்கிறான், ஆட்சியையா, தன்னையா, எளியவரையா? இரண்டாவது: கதைத் தலைவன் தவறும் இடத்தில் இவன் வாய் திறக்கிறானா? மூன்றாவது: இவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் சிரிப்பு மட்டும் குறையுமா, உண்மையும் குறையுமா? மூன்றாம் வினாவிற்கு மாணவன் தயங்கினால் நல்லது. அத்தயக்கத்திலிருந்து இரண்டாம் படியை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு பணியும் உண்டு, அதை மாணவர்களிடமே கேட்கிறோம். இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் லயங்கள் பல வெறிச்சோடிவிட்டன. குடும்பங்கள் நகரோரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. ஒரே வரிசையில் வாழ்ந்து, ஒருவரையொருவர் கேலி செய்து வளர்ந்தவர்கள் இன்று வெவ்வேறு ஊர்களில் முதுமையைக் கழிக்கின்றனர். கேலிக்கு இருவர் வேண்டும். ஒருவர் போய்விட்டால் மற்றவரிடம் அந்த மொழி உறங்கிப்போகும். உங்கள் வீட்டுத் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள்: உங்களை யார் கேலி செய்வார்? என்ன சொல்லிக் கேலி செய்வார்? அவர் உங்களை எப்போதாவது அதட்டியது உண்டா? கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். சொன்னவர் பெயரையும், சொல்லப்பட்டவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சிரிக்கும் இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் கடந்துவிடாதீர்கள். அங்கே சற்று நின்று, ஏன் சிரித்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்படித் திரட்டியதைக் கொண்டு வருங்காலத்து இன்னா உலகம் ஒன்றை எழுதுங்கள். எந்த ஆண்டில் வேண்டுமானாலும் வையுங்கள். எந்த இயந்திரம் வேண்டுமானாலும் ஆளட்டும். அந்நகரில் ஒரு மூலையில், ஒருவன் மற்றொருவனை ‘மச்சான்’ என்று அழைத்து, ஓட்டை மங்கை அடைத்துக் கொடு என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு அவன் கூடையையும் தானே சுமக்கட்டும். அவன் இருக்கும்வரை அந்த உலகம் முற்றும் இன்னாததாகிவிடாது.